மட்டக்களப்பில் கிற்றார் பழகத் தொடங்குவோருக்கு: வாங்குவதிலிருந்து முதல் பாட்டு வரை

கல்லடியில் இருந்துகொண்டு 38 வயதில் கிற்றார் பழகத் தொடங்கிய எனக்கு, மூன்று கோட்களை (சில தந்திகளைச் சேர்த்துத் தட்டும் சுரக்கூட்டுகளை) மாற்றி மாற்றி வாசித்து ஒரு பாட்டை முழுமையாகப் பாடி முடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது. அதில் முதல் நான்கு மாதங்கள் முற்றிலும் வீண். என் விரல்களுக்குத்தான் வலு இல்லை, தாளம்தான் வரவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். பிழை நான் வாங்கிய கிற்றாரிலும் நான் தெரிவு செய்த பாட்டிலும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே இந்தக் கட்டுரையில் வாங்குவதற்கும் பாட்டுத் தெரிவுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இங்கே குறிப்பிடும் விலைகள் 2024 இல் நான் வாங்கிய பற்றுச்சீட்டுகளில் உள்ளவை. நீங்கள் வாங்கும் நாளில் அவை மாறியிருக்கலாம், ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற கணக்குப் பெரிதாக மாறாது.

1. எந்த வகை என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மின்சாரக் கிற்றாருக்கு அம்ப்ளிஃபையர், வயர், மின்சாரம் எல்லாம் வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் அதை விட்டுவிடலாம். மின்வெட்டு இரவுகளில் நான் பழகியது கொஞ்சமல்ல. மிச்சம் இருப்பது இரண்டு தெரிவுகள்: நைலோன் தந்தி போட்ட கிளாசிக்கல் கிற்றார், உருக்குத் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிற்றார். நைலோன் விரலுக்கு மென்மையானது, ஆனால் அதன் கழுத்து அகலமானது. உருக்குத் தந்தி முதல் மாதம் விரல் நுனியை வருத்தும், ஆனால் பாடிக்கொண்டே வாசிப்பதற்கு அதன் ஓசைதான் எடுப்பானது. தேவாலயப் பாடற்குழுவிலோ நண்பர்கள் மத்தியிலோ பாடுவதுதான் நோக்கம் என்றால் உருக்குத் தந்தியை எடுங்கள்.

பிள்ளைக்கு வாங்குகிறீர்கள், பிள்ளை பின்னாளில் தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆசிரியரிடம் பாடத்திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். இலங்கையில் நடக்கும் ஏபிஆர்எஸ்எம் (பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபை) பரீட்சையின் கிற்றார்ப் பாடத்திட்டம் கிளாசிக்கல் கிற்றாருக்கானது. உருக்குத் தந்திக் கிற்றாரை வாங்கிவிட்டு ஒரு வருடம் கழித்து இன்னொன்று வாங்க வேண்டிய நிலை வரும். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிற்றார் போதும். பெரியதாக வாங்கினால் வளர்ந்த பிறகும் உதவும் என்பது சட்டைக்குப் பொருந்தும் கணக்கு, கிற்றாருக்கு ஒவ்வாது.

ஒரு கடும் எச்சரிக்கை: நைலோன் கிற்றாரில் உருக்குத் தந்தி போடவே கூடாது. உருக்குத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவையைத் தரும். நைலோனின் இழுவை அதில் பாதியளவிலிருந்து சற்றுக் கூடுதல்தான். நைலோனுக்காகச் செய்த பலகையில் உருக்கைப் போட்டால், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை நாளடைவில் பசை விட்டு எழும்பிவிடும்.

2. நான்கு வங்கி அட்டைகளுடன் கடைக்குப் போங்கள்

என் முதல் கிற்றாரைக் கொழும்பில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் இணையத்தில் பார்த்து 16,500 ரூபாவுக்கு வரவழைத்தேன். படத்தில் அழகாக இருந்தது. வந்த கிற்றாரில் சி கோட் பிடித்தால் இரண்டு தந்திகள் ஒலிக்காது. அழுத்தி ஒலிக்க வைத்தால் விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு அரை மணி நேரத்துக்கு மறையாது. பழகப் பழகச் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்காம் மாதம், எங்கள் பகுதியில் தச்சு வேலை செய்பவரும், கலியாண வீடுகளில் பைலா என்ற ஆட்டப் பாட்டு வாசிப்பவருமான பறங்கியர் சமூகத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த வங்கி அட்டையையும், என்னிடமும் தன் மகனிடமும் இருந்த அட்டைகளையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 12 ஆம் பிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதின்) மேல் தடித்த தந்திக்கு அடியில் செருகினார். ஐந்து அட்டைகள் தந்தியில் முட்டாமல் உள்ளே போயின.

"மனே, விரல் நுனி நொந்தா அது பழக்கம். இது பழக்கமில்ல, இது கிற்றார்ர பிழை" என்றார்.

வங்கி அட்டை ஒவ்வொன்றும் 0.76 மி.மீ தடிப்பானது. மூன்று அட்டைகள் ஏறத்தாழ 2.3 மி.மீ, நான்கு ஏறத்தாழ 3 மி.மீ, ஐந்து 3.8 மி.மீ. உருக்குத் தந்திக் கிற்றாரில் 12 ஆம் பிரெட்டின் உச்சிக்கும் தடித்த தந்தியின் அடிப்பாகத்துக்கும் இடையில் மூன்று அட்டைகள் இலகுவாகப் போய், நான்காவது இறுக வேண்டும்; மெல்லிய தந்தியின் கீழ் இரண்டு போய், மூன்றாவது இறுக வேண்டும். நைலோன் கிற்றாரில் இதைவிட ஒன்று கூடுதலாக இருந்தாலும் குற்றமில்லை. இந்த இடைவெளியைத்தான் வாசிப்பவர்கள் 'அக்ஷன்' என்கிறார்கள். ஆரம்பப் பழகுநர் கிற்றாரை மூலையில் சாத்திவிடுவதற்கு, நான் பார்த்த அளவில், சோம்பலை விட இதுதான் பெரிய காரணம்.

அக்ஷன் சற்று உயரமாக இருந்தால் பிரிட்ஜில் செருகியிருக்கும், தந்திகள் தங்கி நிற்கும் வெள்ளைத் துண்டான சேடிலின் அடிப்பாகத்தை அரத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். 12 ஆம் பிரெட்டில் 1 மி.மீ குறைய வேண்டுமாயின் சேடிலில் 2 மி.மீ தேய்க்க வேண்டும். ஆகவே சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். என் முதல் கிற்றாரில் அது 2 மி.மீட்டர் மட்டுமே இருந்தது. தேய்ப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. கழுத்தே பிழையான சாய்வில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மருந்து இல்லை. இப்போது அது என் மகளின் அறையில் சுவரில் தொங்குகிறது.

கடையில் செய்ய வேண்டிய மற்றப் பரிசோதனைகளுக்குப் பத்து நிமிடங்கள் போதும். மெல்லிய தந்தியை முதல் பிரெட்டிலும் 14 ஆம் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 6 ஆம், 7 ஆம் பிரெட்களுக்கு மேலே பாருங்கள்: ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து நேராக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு தந்தியையும் முதல் பிரெட்டிலிருந்து 12 ஆவது வரை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டுங்கள். எங்காவது வண்டு ரீங்காரம் போல இரைச்சல் கேட்டால் அந்தக் கிற்றாரை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடைசியாக, 12 ஆம் பிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் தட்டினால் மணியோசை போல ஒன்று வரும். அதே இடத்தில் அழுத்தித் தட்டினால் வரும் சுரமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் நீங்கள் எவ்வளவு கவனமாக ரியூன் செய்தாலும் கழுத்தின் மேற்பகுதியில் சுருதி சேராது.

உங்களுக்கு இவற்றைச் செய்யத் தயக்கம் இருந்தால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பரிசோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

3. கடதாசிகளும் கொண்டுவருதலும்

பற்றுச்சீட்டில் "கிற்றார் 1" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். நிறுவனப் பெயர், மாதிரி இலக்கம், உள்ளே ஒட்டிய தாளில் தொடர் இலக்கம் இருந்தால் அதுவும், திகதியும் எழுதியிருக்க வேண்டும். உத்தரவாத அட்டை தந்தால் கடையின் முத்திரையை அங்கேயே குத்துவித்துக் கொள்ளுங்கள். முத்திரை இல்லாத அட்டை வெறும் அட்டைதான். குறை கண்டால் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நான் வாய்ச் சொல்லை நம்பினேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தபோது, "பாவிச்ச சாமான் மாத்த ஏலாது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

கூரியரில் வந்தால், பொதியைப் பிரிப்பதற்கு முன்பிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாகக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். பணத்தைக் கொடுத்துப் பொதியை வாங்கும் முறையில், கொண்டுவருபவர் திறந்து பார்க்க விடமாட்டார் என்பதால் அந்த வீடியோ மட்டுமே உங்களிடம் இருக்கும் சாட்சி. கொழும்பில் நேரில் வாங்கி இரவுப் பேருந்தில் கொண்டுவந்தால், அடிப்பக்கச் சாமான் அறையில் போடவேண்டாம்; அங்குள்ள வெக்கை ஒட்டுப் பசையை இளக்கும், மேலே வந்து விழும் பெட்டிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். என் இரண்டாவது கிற்றாரை நான் கால்களுக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கிற்றார் வைத்திருக்கும் கடைகளில் தெரிவு குறைவாக இருக்கலாம், விலையும் இரண்டாயிரம் மூவாயிரம் கூடலாம். ஆனாலும் கையில் எடுத்துப் பார்த்து, பிழை என்றால் மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய வசதிக்கு அந்தப் பணம் தகும்.

பழைய கிற்றார் வாங்குவதும் நல்ல வழிதான். பிரிட்ஜின் பின்பக்கத்தில் ஒரு கடதாசித் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்புகிறது என்று பொருள்.

4. கூட வாங்க வேண்டியவையும் மொத்தச் செலவும்

என் இரண்டாவது கிற்றார் 26,500 ரூபா. அதற்கு உறை 2,800, கழுத்தின் தலைப்பகுதியில் கவ்விச் சுருதி காட்டும் ரியூனர் 1,900, எல்லாத் தந்திகளையும் ஒரு பிரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போ 1,200, தந்தியைத் தட்டும் பிக் மூன்று 300. பெரியவர் சேடிலைத் தேய்த்துத் தந்ததற்கு 1,500 கொடுத்தேன். வாங்க மறுத்தார், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மேலதிகத் தந்தித் தொகுதி ஒன்று 1,800. ஆக மொத்தம் 36,000 ரூபா. கையில் 30,000 ரூபாதான் இருக்கிறது என்றால் அதில் 22,000 வரை கிற்றாருக்கு ஒதுக்கி, மிச்சத்தை மற்றவற்றுக்கு வையுங்கள். முழுவதையும் கிற்றாரில் போட்டுவிட்டு ரியூனர் இல்லாமல் பழகுவது, தராசு இல்லாமல் கடை திறப்பது போன்றது. கைத்தொலைபேசியில் இலவச ரியூனர்ச் செயலிகள் உண்டு. ஆனால் பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடினால் அவை தடுமாறும். கவ்வும் ரியூனர் அதிர்வைக் கிற்றாரின் மரத்திலிருந்தே எடுப்பதால் சத்தத்துக்குள்ளும் சரியாகக் காட்டும்.

தந்தி வாங்கும்போது தடிப்பு இலக்கத்தைப் பாருங்கள். பொதியில் 10 அல்லது 11 என்று தொடங்குபவை மெல்லியவை, 12 என்று தொடங்குபவை வலியவை. ஆரம்பத்தில் 10 அல்லது 11 போதும்.

5. ஒவ்வொரு முறையும் ரியூன் செய்த பின்னரே தொடங்குங்கள்

தந்திகளின் இலக்கம் புதியவர்களைக் குழப்பும். மடியில் வைத்திருக்கும்போது தரையை நோக்கிக் கீழே இருக்கும் மெல்லிய தந்திதான் 1. முகத்தை நோக்கி மேலே இருக்கும் தடித்த தந்தி 6. ஆறிலிருந்து ஒன்று வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண் காட்டும் செயலியாக இருந்தால் முறையே 82, 110, 147, 196, 247, 330 என்ற எண்களை ஒட்டி நிற்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரியூனர் எழுத்தை மட்டும் காட்டும், அது எந்தத் தந்தி என்று அதற்குத் தெரியாது. நான்காம் தந்தியைத் திருகுவதாக நினைத்து மூன்றாம் தந்தியின் ஆணியைத் திருகிக்கொண்டே போனேன். முள் அசையவே இல்லை, திடீரென்று மூன்றாம் தந்தி அறுந்து புறங்கையில் அடித்தது. எந்த ஆணி எந்தத் தந்திக்குப் போகிறது என்பதை விரலால் தொடர்ந்து பார்த்த பின் திருகுங்கள். முகத்தைக் கிற்றாருக்கு மேலே குனிந்து வைத்திருக்கவும் வேண்டாம்.

ரியூனர் இல்லாத நேரத்துக்கு: 6 ஆம் தந்தியை 5 ஆம் பிரெட்டில் அழுத்தினால் வரும் சுரம் 5 ஆம் தந்தியின் திறந்த சுரம், அதாவது அதை அழுத்தாமல் தட்டினால் வருவது. இப்படியே ஒன்றிலிருந்து அடுத்ததைச் சேர்க்கலாம். 3 ஆம் தந்தியில் மட்டும் 4 ஆம் பிரெட். ஆர்மோனியம் அல்லது சுருதிப் பெட்டி வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி, அரைக்கட்டைகள் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். பாட்டுத் தெரிவில் இது மீண்டும் வரும்.

6. ஆசிரியர்

முதல் இரண்டு மாதங்களுக்காவது ஆசிரியர் ஒருவரிடம் போவது நல்லது. இணைய வீடியோ உங்கள் மணிக்கட்டு மடிந்திருப்பதைப் பார்த்துத் திருத்தாது. சேர்வதற்கு முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: கட்டணம் மாதத்துக்கா, நான்கு வகுப்புகளுக்கா, போயா நாளிலும் பரீட்சைக் காலத்திலும் தவறும் வகுப்புக்கு ஈடு உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், கோட் பிடித்துப் பாடப் பழக்குவாரா, சுரக்குறியீடு வாசிக்கப் பழக்குவாரா. நான் அனுமதிக்கு 1,000 ரூபாவும் மாதம் 3,000 ரூபாவும் கொடுத்தேன். 12 பேர் இருந்த வகுப்பில் ஆசிரியர் என் பக்கம் வந்து நின்றது மொத்தமாக ஐந்து நிமிடம் இருக்கும். ஆறு பேருக்கு மேற்பட்ட வகுப்பில் ஆரம்பப் பழகுநர் சேர வேண்டாம் என்பது அதிலிருந்து நான் எடுத்த முடிவு.

பரீட்சைக்குப் பதிவு செய்தால் பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில எழுத்துக்களோடு ஒப்பிட்டு நீங்களே விண்ணப்பத்தைச் சரிபாருங்கள். சான்றிதழில் பிழையான பெயர் வந்தபின் திருத்துவது அலைச்சல். ஏபிஆர்எஸ்எம் இல் 6 ஆம் தரத்துக்கும் அதற்கு மேலும் செல்ல 5 ஆம் தர இசைக் கோட்பாடு அல்லது அதற்கு நிகரான தேர்ச்சி தேவை என்பதையும் முன்கூட்டியே மனதில் வையுங்கள்.

7. முதல் ஆறு வாரங்கள்

நாளுக்கு இருபது நிமிடம், ஒவ்வொரு நாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் இருந்தால் திங்கட்கிழமை விரல் வீங்கும், அடுத்த ஞாயிறு வரை தொட மனம் வராது. இடது கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். விரல் நுனி தடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை குளித்த உடனே வாசிக்க வேண்டாம், நனைந்த தோலை உருக்குத் தந்தி கிழிக்கும். விரலைப் பிரெட் கம்பியின் மேல் வைக்காமல், அதை ஒட்டிச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தத்திலேயே சுரம் தெளிவாக வரும்.

கோட்களை இந்த ஒழுங்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஈ மைனர்: 5 ஆம், 4 ஆம் தந்திகளை 2 ஆம் பிரெட்டில் பிடித்து ஆறு தந்திகளையும் தட்டலாம். அடுத்து ஏ மைனர்: 4 ஆம், 3 ஆம் தந்திகள் 2 ஆம் பிரெட்டில், 2 ஆம் தந்தி முதல் பிரெட்டில். இந்த வடிவத்தை அப்படியே ஒரு தந்தி மேலே, தடித்த பக்கமாக நகர்த்தினால் ஈ மேஜர் வந்துவிடும். ஏ மைனரிலிருந்து சி க்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து 5 ஆம் தந்தியின் 3 ஆம் பிரெட்டில் வைத்தால் போதும், மற்ற இரு விரல்களும் அசையத் தேவையில்லை. பிறகு ஜி (6 ஆம் தந்தி 3, 5 ஆம் தந்தி 2, முதல் தந்தி 3), கடைசியாக டி (3 ஆம் தந்தி 2, 2 ஆம் தந்தி 3, முதல் தந்தி 2, 6 ஆம், 5 ஆம் தந்திகளைத் தட்டக்கூடாது).

கோட் பிடிக்கத் தெரிவதற்கும் கோட் மாற்றத் தெரிவதற்கும் இடையில் ஒரு வாவி கிடக்கிறது. அதைக் கடக்க ஒரு நிமிடக் கணக்கு உதவும்: கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கோட்களுக்கிடையில் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாறுகிறீர்கள் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். நிமிடத்துக்கு 80 அடி (தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையும் ஓர் அடி) ஓடும் பாட்டில் நான்கு அடிக்கு ஒருமுறை கோட் மாறினால் நிமிடத்துக்கு 20 மாற்றங்கள். பாடிக்கொண்டே மாற்றும்போது வேகம் பாதியாகக் குறையும் என்பதால் தனியாக 40 வந்த பிறகு பாட்டுக்குப் போங்கள். எனக்கு ஜி, சி இரண்டுக்கும் முதல் வாரம் 8 வந்தது. ஐந்தாம் வாரம் 41.

எஃப் கோட்டை இப்போது தொட வேண்டாம். முழு விரலையும் படுக்க வைத்துப் பிடிக்கும் அந்தக் கோட்டில்தான் பலர் கிற்றாரை விற்கிறார்கள். அவசியப்பட்டால் 4 ஆம் தந்தி 3, 3 ஆம் தந்தி 2, 2 ஆம் தந்தி 1 என்று பிடித்து முதல் தந்தியைத் திறந்து விடுங்கள். எஃப் மேஜர் செவன் எனப்படும் அது பெரும்பாலான பாடல்களில் காதை உறுத்தாது.

8. வலது கை

இடது கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பாட்டைப் பாட்டாக்குவது வலது கை. முதல் இரண்டு வாரம் நான்கு அடிக்கும் கீழ்நோக்கிய தட்டு மட்டும். கோட் பிழைத்தாலும் கை நிற்கக்கூடாது. ஆதிதாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது இலகு. எட்டு அட்சரத்தை இரண்டு நாலாகப் பிரித்துக்கொண்டால் கிற்றாரின் இரண்டு சட்டங்கள் (தாளம் ஒருமுறை சுற்றிவரும் அளவு, ஆங்கிலத்தில் பார்) கிடைத்துவிடும். நம் பகுதிப் பறங்கியர் வீடுகளில் கேட்கும் கப்ரிஞ்ஞாவும் பைலாவும் ஆறு அடிக் கணக்கில் மூன்று மூன்றாக உருளுபவை. ஏ, டி, ஈ என்ற மூன்று கோட்களோடு பல பைலாப் பாட்டுகள் முடிந்துவிடும் என்பதால் அவை இலகுவானவை என்று நினைத்து நான் ஏமாந்தேன். இடது கைக்குத்தான் அவை இலகு, வலது கைக்கு மூன்று மாதப் பழக்கமாவது வேண்டும்.

9. முதல் பாட்டைத் தெரிவு செய்தல்

மனதுக்கு மிகவும் பிடித்த திரைப்பாட்டோடு தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நான் எடுத்த பாட்டில் ஒன்பது கோட்கள், அவற்றில் நான்கு விரல் படுக்க வைப்பவை. சரணத்தில் சுருதியே மாறிவிடும். இரண்டு மாதம் பல்லவியைத் தாண்டவில்லை, கடைசியில் அந்தப் பாட்டின் மீதே வெறுப்பு வந்தது. பிடித்த பாட்டை இரண்டாம் வருடத்துக்குப் பத்திரமாக வையுங்கள்.

முதல் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்றால், வரிகளைப் பார்க்காமல் முழுதாகப் பாடக்கூடியதாக, மூன்று கோட்களுக்கு மேற்படாததாக, ஒரு சட்டத்துக்கு ஒருமுறைக்கு மேல் கோட் பெரும்பாலும் மாறாததாக, நடந்து போகும் வேகத்தில் செல்வதாக இருக்க வேண்டும். கமகம் நிறைந்த பாட்டுகளைத் தவிருங்கள்; குரல் சுரங்களுக்கு இடையில் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கோட் ஒரே இடத்தில் நின்று முரண்டு பிடிக்கும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: சங்கராபரணம் மேலைத்தேய மேஜர் சுரவரிசையேதான், நடபைரவி இயல்பான மைனர். மெட்டு சங்கராபரணத்திலோ மோகனத்திலோ அமைந்திருந்தால் ஜி, சி, டி மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கும். மாயாமாளவகௌளை போன்றவற்றில் அமைந்த பாட்டுக்குக் கோட் போடுவது தேர்ந்தவர்களுக்கே சிக்கல். பாலபாடத்தில் முதலில் வரும் இராகம் என்பதற்காக அதைக் கிற்றாரிலும் முதலில் எடுத்துவிட வேண்டாம்.

நான் சிபாரிசு செய்யும் முதல் பாட்டைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள்: பிறந்தநாள் பாட்டு. எட்டுச் சட்டங்கள், மூன்று கோட்கள், மூன்று அடிக் கணக்கு. ஜி ஒரு சட்டம், டி இரண்டு சட்டம், ஜி இரண்டு சட்டம், சி ஒரு சட்டம், அடுத்த சட்டத்தில் ஜி இரண்டு அடியும் டி ஓர் அடியும், கடைசியில் ஜி. கவனிக்க வேண்டியது தொடக்கம்: "ஹப்பி" என்ற இரண்டு அசைகளும் தாளத்துக்கு முன்னரே வந்துவிடும், முதல் தட்டு "பேர்த்" என்பதில் விழ வேண்டும். "ஹப்பி" யிலேயே தட்டினால் பாட்டு முழுவதும் நொண்டும், ஏன் நொண்டுகிறது என்று தெரியாமல் கோட்டைக் குறை சொல்வீர்கள். இந்தப் பாட்டுக்கு இன்னொரு நன்மை, சபை கிடைப்பது. என் மகளின் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேருக்கு முன்னால் இதைத்தான் முதலில் வாசித்தேன். சி கோட்டுக்கு நான் அரை அடி பிந்தியதை ஒருவரும் கவனிக்கவில்லை, கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வரிசையில் எளிய தேவாலயப் பாடல்கள், பாலர் பாடசாலைப் பாட்டுகள், மார்கழிக் கரோல் பாட்டுகள், வீட்டில் பாடும் தாலாட்டு ஆகியவற்றை எடுக்கலாம். பலர் சேர்ந்து பாடுவதற்காக அமைந்தவை என்பதால் இவற்றில் பலவற்றின் மெட்டும் கோட்டும் நேரானவை. திரைப்பாட்டுக்குப் போகும்போது இடையிசையை விட்டுவிட்டு, பல்லவியை மட்டும் ஒரு முழுப் பாட்டாகக் கருதி வாசியுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் கோட் தாள்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரே பாட்டுக்கு மூன்று தாள்களை எடுத்து ஒப்பிட்டு, இரண்டில் ஒத்துவருவதை எடுங்கள். தாளில் பி பிளாட், ஈ பிளாட், எஃப், ஜி மைனர் என்று இருந்தால் பயந்து மூடிவிடாதீர்கள்: கேப்போவை 3 ஆம் பிரெட்டில் கவ்வினால் அவை முறையே ஜி, சி, டி, ஈ மைனர் வடிவங்களாகிவிடும். ஒவ்வொரு பிரெட்டும் அரைக்கட்டை. சி வடிவத்தில் வாசிக்கும் பாட்டு 1 கட்டை; 2 ஆம் பிரெட்டில் கேப்போ போட்டால் 2 கட்டை; 4 ஆம் பிரெட்டில் 3 கட்டை. பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் "ரெண்டரைக் கட்டை" என்றால் நீங்கள் 3 ஆம் பிரெட்டில் கேப்போவை வைத்துக்கொண்டு பழகிய வடிவங்களிலேயே வாசிக்கலாம். உங்கள் குரல் எந்தக் கட்டையில் சுகமாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கேப்போவை நகர்த்துங்கள். பாடகரின் சுருதிக்கு எட்டிப் பாட முயன்று தொண்டையைக் கெடுப்பதில் பயனில்லை.

10. கடற்காற்றிலிருந்து காப்பாற்றுதல்

கல்லடி, ஆரையம்பதி, அக்கரைப்பற்று போன்ற கரையோரங்களில் உருக்குத் தந்திக்கு உப்புக்காற்று எதிரி. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறையில் வையுங்கள்; அப்படிச் செய்தும் எனக்கு ஒரு தொகுதி மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. விரலில் கறுப்பு ஒட்டினாலோ, தந்தி சொரசொரத்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், ஆறையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஆணியில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால் சுருதி நிற்காது. புதிய தந்தி முதல் இரண்டு நாள் இளகிக்கொண்டே இருக்கும், அது குறையல்ல.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் உலர்ந்து சுருங்கும், கார்த்திகை, மார்கழி மழையில் ஊதும். இரண்டு காலத்திலும் அக்ஷன் சற்று மாறும் என்பதால் அந்த வங்கி அட்டைப் பரிசோதனையை வருடத்துக்கு இரண்டு தடவை செய்யுங்கள். வெளிச்சுவரில் மாட்டுவதும், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடுவதும் கூடாது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளை எறியாமல் உறைக்குள் போட்டு வைக்கலாம். மழை மாதங்களில் நான் நான்கு பைகள் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.